கடலுக்குப் போகும் நீர் வீணா?

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பார்கள் எமது பெரியவர்கள். ரிஷிகளைப் பொறுத்தவரையில் அது நல்ல அறிவுரையாக இருக்கலாம். நதிகளைப் பொறுத்தவரையில், மூலத்தையும் பாராமல் முடிவையும் பாராமல் வாழப் பழகியதே எமது பெருங்குறையாகிவிட்டது. தம்புள்ளையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு.

2025 செப்டெம்பரில், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, எமது கிராமக் குழுக்களைச் சேர்ந்த கமக்காரர் இருபத்தைந்து பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கலா ஓயாவின் வழியே கடல்வரை சென்று வந்தோம். அவர்களுள் பெரும்பாலானோர் பிறந்தது முதல் அந்த ஆற்று நீரில் பயிர் செய்பவர்கள். ஆயினும் அது எங்கே போய் முடிகிறது என்பதை ஒருவராவது கண்டதில்லை. நானும் கண்டதில்லை. மாலையில் புத்தளம் களப்பின் ஓரத்திலுள்ள கங்கேவாடிய என்ற மீனவக் குடியிருப்பை அடைந்தோம். எங்களோடு பேசிக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர், நாங்கள் தம்புள்ளையிலிருந்து வந்திருக்கிறோம் என்று அறிந்ததும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அப்படியென்றால் எங்கள் தண்ணீர் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் அடைத்து வைக்கும்போது எங்களுக்கு இறால் இல்லை. மழைக்குக் கதவைத் திறந்துவிடும்போது எங்களுக்கு வலையே இல்லை."

எங்களில் ஒருவர், "கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்" என்றார். அவர் குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இக்கட்டுரை அதற்கான பதிலைத் தேடும் ஒரு முயற்சி.

ஆறு போகும் வழி

மாத்தளைக் குன்றுகளின் வடசரிவில் தோன்றும் பல ஓடைகள் சேர்ந்ததே கலா ஓயா. தம்புள்ளை நகரின் இரு பக்கமாகத் தம்புளு ஓயாவும் மிரிஸ்கொனி ஓயாவும் ஓடுகின்றன. முன்னதை மறித்து இப்பன்கட்டுவ நீர்த்தேக்கமும், பின்னதை மறித்துக் கண்டலம நீர்த்தேக்கமும் உள்ளன. இவற்றையும் கடந்து வரும் நீர் கலாவாவியில் சேருகிறது. அங்கிருந்து வடமேற்காகத் திரும்பி, ராஜாங்கனை நீர்த்தேக்கத்தில் மீண்டும் தங்கி, வில்பத்துக் காட்டின் தெற்கு எல்லையாக ஓடி, எலுவன்குளத்தைத் தாண்டிப் புத்தளம் களப்பில் கலக்கிறது. மொத்த நீளம் 148 கிலோ மீற்றர். அதன் வடிநிலம் சுமார் 2,800 சதுர கிலோ மீற்றர். மாத்தளை, அநுராதபுரம், குருநாகல், புத்தளம் என நான்கு மாவட்டங்களிலும் மூன்று மாகாணங்களிலும் அது பரந்து கிடக்கிறது.

கலாவாவியை ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டினான். அங்கிருந்து அநுராதபுரத்துத் திசாவாவிக்கு நீர் கொண்டுபோகும் ஜய கங்கை என்ற கால்வாய் 87 கிலோ மீற்றர் நீளமானது. அதன் முற்பகுதியில் மைலுக்குச் சில அங்குலங்களே சரிவு. இன்றைய பொறியியலாளரும் வியக்கும் வேலை அது. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் பாடத்தைத் தவறவிடுவோம். ஜய கங்கைக்கு ஒரு பக்கத்தில் மட்டுமே கரை இருந்தது. மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்துவரும் மழைநீரை அது வழியெங்கும் ஏற்றுக்கொண்டது. தாழ்ந்த பக்கத்திலிருந்த சிறு குளங்களுக்கு ஊட்டியது. நீரைக் கொண்டுசெல்லும் குழாயாக அல்ல, தான் கடந்துசென்ற நிலத்தோடு உறவுகொண்ட ஓர் ஆறாகவே அது அமைக்கப்பட்டது.

மகாவலியின் வரவு

இன்று கலா ஓயாவில் ஓடுவது கலா ஓயாவின் நீர் மட்டுமல்ல. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டது. அங்கிருந்து சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் சேரும் நீர், போவதென்ன நீர்த்தேக்கத்திலிருந்து இன்னொரு சுரங்கத்தால் லேனதொரப் பக்கம் திருப்பப்படுகிறது. ஒரு பங்கு கண்டலம, ஹுருலுவாவிப் பக்கமும், ஒரு பங்கு தம்புளு ஓயா வழியே கலாவாவிக்கும் போகின்றது. கல்நேவ, தம்புத்தேகம, எப்பாவல, நொச்சியாகம ஆகிய பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த நீரை நம்பிக் குடியேறின.

இத்திட்டம் சோறு போட்டது என்பதை மறுப்பவன் நன்றிகெட்டவன். ஆனால் அது எமது மனத்தில் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கியது. முன்பு மேலேயுள்ள காட்டைப் பார்த்தும், குளத்தைப் பார்த்தும் கமக்காரன் பயிரைத் தீர்மானித்தான். இப்போது, தண்ணீர் விடும் திகதியை அறிவிக்கும் கூட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறான். நீர் வருவது ஆற்றிலிருந்து என்பது மறந்து, அலுவலகத்திலிருந்து என்ற எண்ணம் வந்துவிட்டது. அலுவலகத்திலிருந்து வரும் பொருளை எவரும் காவல் காப்பதில்லை.

ஆற்றுக்கு வந்துள்ள ஆபத்துகள்

முதலாவது, சிறு குளங்களின் அழிவு. இந்த வடிநிலத்தில் நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. மேற்குளத்தின் வயலில் பாய்ந்து மிஞ்சிய நீர் கீழ்க்குளத்தில் சேரும். குளத்துக்கு மேலே வண்டலைத் தடுக்கும் புல்வெளி. அலைகரையில் காற்றைத் தடுக்கும் மரங்கள். அணைக்கட்டின் கீழே உவர்நீரை உறிஞ்சும் கட்டக்கடுவ என்ற தோப்பு. காட்டுக்குள்ளே பாசனத்துக்கென்றல்லாமல் வண்டலைத் தாங்கவும் மிருகங்கள் குடிக்கவும் வெட்டிய சிறு குளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வவுனியா, முல்லைத்தீவு வாசகர்களுக்கு இது அந்நியமான செய்தியன்று. அவர்களது குளங்களும் இதே மரபில் வந்தவையே. 1970களின் குடியேற்றத்தில் பல சிறு குளங்கள் 'நீரை வீணாக்குபவை' எனச் சமப்படுத்தப்பட்டு வயலாக்கப்பட்டன. 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் இந்தக் குளத்தொடர் முறையை உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நாம் மூடியதை உலகம் போற்றுகிறது.

இரண்டாவது, இரசாயனம். 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து தம்புள்ளை நாட்டின் மரக்கறிச் சந்தையாகிவிட்டது. யாழ்ப்பாணத்து லொறியும் காலி லொறியும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. ஆனால் சந்தை புள்ளியில்லாத கத்தரிக்காயையும் பளபளக்கும் மிளகாயையும் கேட்கின்றது. பூச்சி தொட்ட காயை மூட்டையோடு திருப்பி அனுப்புகின்றது. ஆகவே கமக்காரன் பிடுங்குவதற்கு முதல் நாளும் மருந்தடிக்கின்றான். அவனைக் குறைகூறுவது எளிது. கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் கூடையில் காய் பொறுக்கும் எமது விரல்களும் அந்த மருந்துத் தாங்கியின் கைப்பிடியில் இருக்கின்றன.

பசளைக் கொள்கையும் ஊஞ்சலாட்டமாகவே இருந்து வந்துள்ளது. 2005இன் பின் 50 கிலோ மூட்டை 350 ரூபாவுக்குக் கிடைத்தபோது, அளந்து போடும் பழக்கம் போனது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் நிறுத்தப்பட்டபோது, மாற்றுவழி எதுவும் கையில் இல்லாமல் கமக்காரர் கைவிடப்பட்டனர். விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையும் விலக்கப்பட்டது. இதனால் ஏற்பட்ட இன்னொரு நட்டத்தை எவரும் கணக்கில் எடுக்கவில்லை. மண்ணைப் பேணுவோம் என்று இன்று நாம் கிராமத்தில் வாய் திறந்தால், "மறுபடியும் எங்களைப் பட்டினி போடவா?" என்று கேட்கின்றார்கள். நல்ல கருத்தொன்றை அவசரத்தால் கொன்றுவிட்டோம்.

சிறுநீரக நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் அடையாளங் காணப்பட்ட இந்நோய்க்கு இன்றுவரை ஒருமித்த காரணம் நிறுவப்படவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் போதிய நீர் அருந்தாமல் உழைத்தல் என ஆய்வாளர் பலவற்றைச் சுட்டுகின்றனர். எமது குழுவொன்றில் கணக்கெழுதி வந்தவர் இன்று வாரத்தில் இரண்டு நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகின்றார். அவருக்கு முன்னால் நின்று, எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒன்றைமட்டும் சொல்லலாம்: காரணம் நிரூபிக்கப்படும்வரை ஆற்றிலும் கிணற்றிலும் கண்டதைக் கலக்கலாம் என்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது ஆபத்தைச் சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சுழற்சிக் கடன் மூலம் நாம் நீர்ப்பம்பிகள் கொடுத்தோம். சிறுபோகத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்யலாம். இளைஞர் ஊரைவிட்டுப் போகமாட்டார்கள் என்பது நோக்கம். கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆண்டறிக்கையில் பம்பிகளின் எண்ணிக்கையைப் பெருமையோடு எழுதியவன் நான்தான். மூன்றாம் ஆண்டு ஆவணியில் கீழ்ப்பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் எமது காரியாலயத்துக்கு வந்தனர். "நீங்கள் கொடுத்த பம்பி எங்கள் கிணற்றைக் குடித்துவிட்டது" என்றனர். ஆற்றோரத்தில் இரவு பகலாக ஓடிய பம்பிகளால் மணற்படுகை காய்ந்து, கரையோரக் கிணறுகளும் வற்றியிருந்தன. நாம் ஒரு கிராமத்தை மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டியிருந்தோம். ஆறு இரண்டு கிராமங்களுக்கும் பொது என்பது எமது படிவத்தில் இருக்கவில்லை. கங்கேவாடிய மீனவர் சொன்னதை அந்தப் பெண்கள் எனக்கு முன்னரே சொல்லிவிட்டனர், நான்தான் விளங்கிக்கொள்ளவில்லை.

நான்காவது, நகரும் ஆற்றங்கரையும். 1992இல் கண்டலமக் குளத்தருகே பெரிய ஹோட்டல் ஒன்று வரப்போகின்றது என அறிந்ததும் பிக்குகளும் கிராமத்தவரும் சுற்றாடல் ஆர்வலரும் திரண்டு எதிர்த்தனர். ஹோட்டலின் கழிவு குளத்தில் கலக்கும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. எதிர்ப்பின் மத்தியிலும் 1994இல் அது திறக்கப்பட்டது. ஆயினும் அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. கழிவுநீரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே எதையும் கட்ட முடியாது என்ற நிலையை அது உண்டாக்கியது. இன்று எனது வருத்தம் வேறு. ஒரு ஹோட்டலின் கழிவைப் பற்றி எழுந்த கேள்வி, வளர்ந்துவிட்ட ஓர் ஊரின் கழிவைப் பற்றி எழவில்லை. விடுதிகளும் வாகனம் கழுவும் இடங்களும் கடைகளும் பெருகியுள்ளன. பெருமழையன்று எமது வடிகான்கள் எதைச் சுமந்துகொண்டு எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பதைப் பாலத்தில் நின்று பார்ப்பவர் அறிவார். ஆற்று ஒதுக்கில் நின்ற மருத மரங்கள் குறைந்து, வேலிகள் நீர்விளிம்புவரை வந்துவிட்டன. ஹோட்டல் அந்நியமானது, அதனால் கண்ணில் பட்டது. வேலி எம்முடையது, அதனால் படவில்லை.

இவை எல்லாவற்றினதும் விளைவை 2025 நவம்பர் இறுதியில் கண்டோம். டித்வா புயலின் மழை மாத்தளை மலைகளைச் சரித்தது. அநுராதபுரம்-புத்தளம் வீதியில் கலா ஓயாப் பாலத்தருகே பயணிகளோடு ஒரு பஸ் வெள்ளத்தில் சிக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. நாம் சென்றுவந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. அத்தகைய மழையை எந்தக் காடும் முழுமையாகத் தடுத்திருக்க முடியாது. ஆனால் காடும், கரைமரமும், சிறு குளமும் இருந்திருந்தால் அந்த வெள்ளம் ஆங்காங்கே சற்று இளைப்பாறியிருக்கும்.

'வீண்' என்ற சொல்

இனி அந்தக் கமக்காரரின் கேள்விக்கு வருவோம். ஒரு துளி மழையும் பயன்தராமல் கடலைச் சேரக்கூடாது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு மன்னன் எண்ணியதாக எல்லோரும் படித்திருக்கின்றோம். வரண்ட வலயத்தில் அது தேவையான சிந்தனையே. ஆனால் அதே மன்னர்கள் கட்டிய குளம் ஒவ்வொன்றிலும் ஒரு வான் இருக்கின்றது. குளத்துக்கு வான் வைத்தவன், மிஞ்சிய நீர் கீழே போகவேண்டும் என்பதை அறிந்தவன். வான் இல்லாத குளம் உடையும்.

புத்தளம் களப்புக்கு நன்னீர் கொண்டுவருபவை முக்கியமாகக் கலா ஓயாவும் மீ ஓயாவும்தான். கலா ஓயாவின் வாயில் பெரியதொரு கண்டல் காடு இருக்கின்றது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இடத்திலேயே இறாலும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. நன்னீர் குறைந்தால் களப்பின் உவர்ப்பு ஏறும். வளரும் இடம் கெடும். நன்னீரோடு வண்டலும் பசளையும் மருந்தும் வந்தாலும் கெடும். அந்தக் களப்பை நம்பிச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சம் புகுந்த முஸ்லிம் குடும்பங்களுள் பலவும் அக்கரைகளிலேயே வாழ்கின்றன. அவர்களது சட்டிக்குப் போகும் நீரையா நாம் வீண் என்றோம்?

முதலில் சோறு, பிறகு களப்பு என்று சிலர் வாதிடலாம். 2022இல் பசியைக் கண்ட நாட்டில் அந்த வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் மீனும் உணவுதான், மீனவனும் பசிப்பவன்தான். மேலும், களப்பைக் கெடுக்கும் அதே காரணங்களே குளத்தைத் தூர்க்கின்றன, கிணற்றையும் கெடுக்கின்றன. கடைக்கோடியில் தெரிவது நோயின் அறிகுறி மட்டுமே. நோய் நாம் இருக்கும் இடத்தில்.

செய்யக் கூடியவை

மக்கள் ஒன்றுபட்டால் எதுவும் நடவாது என்று சொல்பவர்கள் எப்பாவலையை நினைவுகூர வேண்டும். 1990களில் அங்குள்ள பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டுக் கம்பனியொன்றைக் கொண்டு அகழும் திட்டம் வந்தது. ஜய கங்கை ஓடும் நிலம் அது. அங்கு வாழ்ந்த சாதாரண மக்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000இல் வந்த தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு வருங்காலச் சந்ததிக்காகவும் பேண வேண்டும் என்று கூறி, அத்திட்டத்தை அப்படியே முன்னெடுக்க விடவில்லை. பண்டைய நீர்ப்பாசன மரபையும் அது எடுத்துப் பேசியது. வழக்குத் தொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், நிலத்தை அறிந்தவர்கள்.

எம்மால் முடிந்தவை சிலவற்றைக் குறிப்பிடுகின்றேன். ஆற்று ஒதுக்கின் எல்லைக் கற்களைப் பிரதேச செயலகத்தின் உதவியோடு கமக்காரர் அமைப்புகளே தேடிக் கண்டுபிடித்து, அந்த நிலத்தில் மருதும் பிற கரைமரங்களும் நடலாம். குளம் புனரமைக்கும் பணம் வரும்போது அணைக்கட்டை மட்டும் உயர்த்தாமல், மேலேயுள்ள புல்வெளியையும் கட்டக்கடுவத் தோப்பையும் சேர்த்துத் திருத்தும்படி கேட்கலாம். பம்பி வைத்திருப்போரும் கீழ்ப்பக்கத்தாரும் கூடி, சிறுபோகத்தில் முறைவைத்து இறைக்க உடன்படலாம். நீர் குறைந்த காலத்தில் நிலத்தையே பங்கிட்டுச் செய்த பெத்மா முறை எமது முன்னோரிடம் இருந்தது. எமது கடன் திட்டத்தில் இப்போது கீழ்ப்பக்கத்துக் கிராமத்தின் சம்மதம் இல்லாமல் பம்பிக்குக் கடன் கொடுப்பதில்லை. இதனால் எண்ணிக்கை குறைந்தது, சண்டையும் குறைந்தது.

இதற்கு மேலானது, முழு ஆற்றுக்கும் ஒரு சபை. இன்று நீர்ப்பாசனம், மகாவலி, காடு, கடற்றொழில், குடிநீர், உள்ளூராட்சி எனப் பல கைகள் ஆற்றின் பல துண்டுகளைப் பிடித்திருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் கலா ஓயா வடிநிலத்தை ஒரே அலகாகக் கொண்டு திட்டமிட மகாவலி அதிகாரசபை முயன்றது. தண்ணீருக்கு விலை வைக்கப் போகின்றார்கள் என்ற அச்சம் அக்காலத்தில் நாடெங்கும் இருந்தது. அந்த அச்சம் நியாயமானதே. எனவே விலையைப் பற்றியல்ல, பொறுப்பைப் பற்றிப் பேசும் சபையாக அது இருக்க வேண்டும். லேனதொரக் கமக்காரனும், தம்புள்ளை வியாபாரியும், ராஜாங்கனைக் குடியேற்றவாசியும், களப்பு மீனவரும் அதில் சமமாக அமர வேண்டும். குறிப்பாகக் கடைக்கோடியில் இருப்பவருக்கு முதல் வார்த்தை கொடுக்கப்பட வேண்டும். ஆறு எப்படி இருக்கின்றது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

திரும்பி வரும்போது இரவாகிவிட்டது. பஸ்ஸில் பலர் தூங்கிவிட்டனர். 'வீண்தானே' என்று கேட்ட கமக்காரர் மட்டும் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "அவர்களை ஒருமுறை எங்கள் ஊருக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் வயலையும் அவர்கள் பார்க்கவேண்டும்" என்றார். வெள்ளத்தால் அது தள்ளிப்போயிற்று. இந்தச் சிறுபோகத்துக்கு முன் அவர்கள் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காகவென்றாலும், அதற்குமுன் எமது வடிகான்களையும் வேலிகளையும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.